கண் இழந்தும் கணக்குச் சொல்லிக் கொடுத்த மேதை

எதிரே இருப்பவர் முகம்கூடத் தெரியாத ஒரு முதியவர். தையல் தொழில் பழகிய ஓர் இளைஞன். முதியவர் வாயால் சொல்லச் சொல்ல, இளைஞன் எழுதினான். எழுதி முடித்தபோது ஒரு பெரிய புத்தகம் உருவாகிவிட்டது.

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. உயர்ந்த கணிதத்தை அதற்கு முன்பு அறியாத அந்த இளைஞன், கடினமான கணக்குகளைத் தானே போடும் திறமையையும் பெற்றுவிட்டான்!

அந்த முதியவர்தான் லியோனார்டு ஆய்லர். உலகம் கண்ட மிகப் பெரிய கணித மேதைகளுள் ஒருவர். விடுகதை போன்ற சின்னக் கேள்வியிலும் பெரிய உண்மையைக் கண்டவர். அரண்மனையில் வளர்ந்த இளவரசிக்கும், ஊசி நூலோடு வளர்ந்த தையல்காரனுக்கும் புரியும்படி பாடம் சொன்னவர்.

பாதிரியார் மகன்

ஸ்விட்சர்லாந்து நாட்டில் பாசல் என்று ஒரு நகரம். அங்கே 1707-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஆய்லர் பிறந்தார். தகப்பனார் பால் ஆய்லர், ஒரு பாதிரியார். லியோனார்டு சிறு குழந்தையாக இருந்தபோதே, குடும்பம் பக்கத்திலுள்ள ரீகன் என்ற கிராமத்துக்குக் குடிபோயிற்று.

தகப்பனாருக்குக் கணக்கிலே பிரியம் உண்டு. படித்த நாளில் ஜேக்கப் பெர்னூலி என்ற பெரிய கணித அறிஞரிடம் பாடம் கேட்டவர். ஆகவே மகனுக்கு முதல் கணக்கு ஆசிரியர் அவரே. ஆனாலும் மகன் தம்மைப் போலப் பாதிரியாராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

லியோனார்டு 13 வயதில் பாசல் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தான். அங்கே ஜேக்கப்பின் தம்பி ஜோகன் பெர்னூலி பேராசிரியராக இருந்தார். அவருக்கு நிகரான கணித அறிஞர் அன்றைய ஐரோப்பாவில் மிகச் சிலரே.

தனியாகப் பாடம் சொல்லித் தரவேண்டும் என்று லியோனார்டு அவரிடம் போய்க் கேட்டான். தமக்கு நேரம் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். ஆனால் பையனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. சில கடினமான புத்தகங்களைச் சொல்லி, அவற்றைத் தானே படித்துப் பார்க்கச் சொன்னார். புரியாத இடம் இருந்தால் சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேட்கலாம் என்று அனுமதி தந்தார்.

பெரியவரை அதிகம் தொந்தரவு செய்யப் பையனுக்குக் கூச்சம். வாரம் முழுவதும் முட்டி மோதிப் பார்ப்பான். தன்னால் ஆனவரை சந்தேகங்களைத் தீர்த்துக் கொள்வான். மிஞ்சிய ஒன்றிரண்டோடு சனிக்கிழமை போவான். ஒரு முடிச்சு அவிழ்ந்தால், அதோடு சேர்ந்து பத்து முடிச்சுகள் தாமாக அவிழ்வதை அவன் கண்டான்.

விடையை ஊட்டாமல், மாணவனே தேடிக் காணும்படி செய்வது ஒரு கலை. அந்தக் கலையை ஆய்லர் கற்றுக்கொண்டது அந்தச் சனிக்கிழமைகளில்தான்.

பையனின் திறமையைக் கண்ட பெர்னூலி, அவன் தகப்பனாரிடம் பேசினார். இவன் கணிதத்துக்குப் பிறந்தவன் என்று எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்.

கப்பலைக் காணாதவர்

பாரிஸ் நகரத்து விஞ்ஞானக் கழகம் ஒரு போட்டி நடத்திற்று. கப்பலில் பாய்மரங்களை எங்கே நட்டால் நல்லது என்பது கேள்வி. ஆய்லரும் கட்டுரை அனுப்பினார். 1727-ம் ஆண்டு அதற்குப் பாராட்டு கிடைத்தது. கடலே இல்லாத நாட்டில் பிறந்த அந்த இளைஞர், அதுவரை ஒரு கடல் கப்பலைக்கூடக் கண்டதில்லை!

அந்தச் சமயத்தில் பாசல் பல்கலைக் கழகத்தில் ஓர் ஆசிரியர் பதவி காலியாயிற்று. ஆய்லர் மனுப் போட்டார். கிடைக்கவில்லை. சொந்த ஊர் கைவிட்டாலும் ருஷ்யா அழைத்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அப்போதுதான் ஒரு விஞ்ஞானக் கழகம் ஏற்பட்டிருந்தது. 20 வயது ஆய்லர் அங்கே போய்ச் சேர்ந்தார். 1733-ல் அங்கே கணிதப் பேராசிரியர் ஆனார். அடுத்த ஆண்டு, ஓவியர் ஒருவரின் மகளான காதரினாவை மணந்தார்.

அவர்களுக்கு 13 குழந்தைகள் பிறந்தன. 5 குழந்தைகளே பிழைத்தன. அந்தத் துயரத்துக்கு நடுவிலும் வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. மடியில் ஒரு குழந்தை, தோளில் ஒரு பூனை, கையில் பேனா என்று அவர் கணக்கு எழுதிக்கொண்டிருப்பாராம்!

ஏழு பாலங்கள்

பிரஷ்யா நாட்டில் கோனிக்ஸ்பர்க் என்ற நகரம் இருந்தது. இன்று அது ருஷ்யாவில் உள்ள காலினின்கிராட். பிரெகல் ஆறு அந்த நகரைப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. நடுவில் ஒரு தீவு. ஆற்றின் கிளைகளால் நகரம் நான்கு நிலப் பகுதிகளாகப் பிரிந்திருந்தது. அவற்றை இணைக்க 7 பாலங்கள் இருந்தன.

ஊர் மக்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. 7 பாலங்களையும் கடந்து வரவேண்டும். ஆனால் எந்தப் பாலத்தையும் இரண்டாம் முறை மிதிக்கக் கூடாது. முடியுமா? எத்தனையோ பேர் நடந்து பார்த்தார்கள். ஒருவராலும் முடியவில்லை. முடியாது என்று உறுதியாகச் சொல்லவும் ஒருவராலும் முடியவில்லை.

டான்சிக் நகரத்துப் பிரமுகர் ஏலர் என்பவர், 1736-ல் இதுபற்றி ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். இதற்கும் கணிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் ஆய்லருக்கு முதலில் தோன்றிற்று. நீளம் இல்லை, அகலம் இல்லை, கூட்டல் கழித்தலும் இல்லை. ஆனாலும் கேள்வியை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை.

அவர் கண்ட வழி மிக எளிது. நடந்து செல்பவர் ஒரு நிலப் பகுதிக்குள் வர ஒரு பாலம் வேண்டும். வெளியே போக வேறொரு பாலம் வேண்டும். ஆகவே, வழியில் உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் பாலங்கள் ஜோடி ஜோடியாக இருக்கவேண்டும். அதாவது 2, 4, 6 என்று இரட்டைப்படை. புறப்படும் இடமும் முடியும் இடமும் மட்டுமே ஒற்றைப்படையாக இருக்கலாம்.

கோனிக்ஸ்பர்க் தீவில் 5 பாலங்கள். மற்ற மூன்று பகுதிகளிலும் 3, 3, 3. நான்குமே ஒற்றைப்படை! ஆகவே யார் எத்தனை முறை சுற்றினாலும் அந்த நடை முடியாது. ஒரு பாலத்தைக்கூடக் காணாமல், இருந்த இடத்திலிருந்தே ஆய்லர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வீட்டில் உள்ள பிள்ளைகளும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு சதுரம் வரைந்து, உள்ளே மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் போடுங்கள். பென்சிலை எடுக்காமல், போன கோட்டிலே மறுபடி போகாமல் இதை வரைய முடியாது. நான்கு மூலைகளிலும் மும்மூன்று கோடுகள் சேர்வதே காரணம். சதுரத்தின் மேலே கூரைபோல இரண்டு சாய்ந்த கோடுகளைச் சேர்த்துவிட்டால் முடியும்! ஆனால் கீழ் மூலை ஒன்றில் தொடங்கி, மற்றக் கீழ் மூலையில் முடிக்கவேண்டும்.

பொழுதுபோக்குக் கேள்வியாகப் பிறந்த இந்தக் கணக்கிலிருந்து கணிதத்தில் ஒரு புதிய துறையே வளர்ந்தது. சாலைகள், கம்ப்யூட்டர் இணைப்புகள் ஆகியவற்றின் வழிகளை ஆராய அந்தத் துறை உதவுகிறது.

தரங்கம்பாடியிலிருந்து வந்த செய்தி

ஆய்லருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த வால்தர் என்ற பாதிரியார் இருந்தார். இந்நாட்டார் காலத்தை அளக்கும் முறையைப் பற்றி அவர் எழுதியது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை போயிற்று. ஆய்லரின் சகாவான பேயர், 1738-ல் வெளியிட்ட நூலில் அதைச் சேர்த்தார். இந்தியரின் சூரிய ஆண்டைப் பற்றி ஆய்லர் எழுதிய ஒரு சிறு கட்டுரையும் அதில் இடம் பெற்றது.

ஓர் ஆண்டுக்கு 365 நாள், 6 மணி, 12 நிமிஷம், 30 விநாடி என்பது நம் பழைய பஞ்சாங்கக் கணக்கு. நட்சத்திரங்களைக் கொண்டு அளப்பதால் அது ஐரோப்பிய ஆண்டைவிடச் சற்று நீளமாக இருக்கிறது என்று ஆய்லர் விளக்கினார்.

அதே 1738-ல், கழகத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர்களுக்காக அவர் ஒரு கணக்குப் பாடப் புத்தகம் வெளியிட்டார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்று அடியிலிருந்து தொடங்கும் நூல் அது. விதியை மனப்பாடம் செய்தால் போதாது, அந்த விதி ஏன் சரி என்றும் தெரியவேண்டும் என்பது அவர் கொள்கை. காரணம் தெரியாமல் படித்தவன், கணக்கைச் சற்று மாற்றிக் கொடுத்தால் திகைத்து நிற்பான் அல்லவா?

ஒரு கண் போயிற்று

அந்த ஆண்டிலேயே ஆய்லரின் வலது கண் பார்வை இழந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவரைக் கடுமையான காய்ச்சல் தாக்கியிருந்தது. தேசப் படங்கள் தயாரிக்கும் நுட்பமான வேலையால் கண் கெட்டது என்பது அவருடைய எண்ணம். இனிமேல் கவனம் சிதறுவது குறையும் என்று சொல்லி, அந்த இழப்பையும் சிரித்துக்கொண்டே ஏற்றார்.

1741-ல் பிரஷ்யா மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் அழைப்பை ஏற்று, ஆய்லர் பெர்லின் நகருக்குக் குடிபெயர்ந்தார். அப்போது ருஷ்யாவில் அரசியல் குழப்பம். ஒற்றர்களுக்குப் பயந்து மக்கள் வாய் திறக்காத காலம். பெர்லினில் மன்னரின் தாயார் ஆய்லரிடம் அன்போடு பேசினார். ஓரிரு சொற்களே பதிலாக வந்தன. ஏன் இப்படி என்று ராஜமாதா கேட்டார். பேசினால் தூக்கில் போடும் நாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்றாராம் ஆய்லர்!

பிரடெரிக் மன்னருக்கு நாசூக்காகப் பேசுகிறவர்களைப் பிடிக்கும். ஆய்லரோ எளிய உடை, எளிய பேச்சு, மாலையில் குடும்பத்தோடு பிரார்த்தனை என்று வாழ்பவர். ஒற்றைக் கண்ணைக் குறித்தும் மன்னர் கேலி செய்தார். ஆய்லர் பொறுத்துக்கொண்டு வேலை செய்தார்.

1750-ல் அவர் கண்ட ஒரு விதியைத் தீப்பெட்டியைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். தீப்பெட்டிக்கு முகங்கள் 6, மூலைகள் 8, விளிம்புகள் 12. முகத்தையும் மூலையையும் கூட்டினால் 14. விளிம்பைக் கழித்தால் 2. சதுர அடித்தளம் கொண்ட கூர்நுனிக் கோபுரத்துக்கு முகங்கள் 5, மூலைகள் 5, விளிம்புகள் 8. அங்கேயும் மிச்சம் 2! துளையும் குழிவும் இல்லாத, தட்டை முகங்கள் கொண்ட எந்தப் பொருளுக்கும் விடை 2 தான். அதுவரை இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

சதுரங்கக் குதிரையையும் அவர் விடவில்லை. பலகையில் 64 கட்டங்கள். குதிரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு முறை காலை வைத்து, பலகை முழுவதையும் சுற்றிவர வேண்டும். தற்செயலாக வழி கண்டவர்கள் சிலர் இருந்தார்கள். ஆய்லர், முறைப்படி வழி காண்பது எப்படி என்று 1759-ல் ஆராய்ந்து எழுதினார். முதலில் தோன்றியபடி குதிரையை ஓட்டி, விட்டுப்போன கட்டங்களைப் பிறகு வழியில் இணைத்துக் கொள்வதுதான் அவர் காட்டிய தந்திரம்.

இளவரசிக்குக் கடிதங்கள்

அப்போது ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மன்னரின் உறவினரான ஓர் இளவரசிக்கு ஆய்லர் ஆசிரியராக இருந்தார். பெயர் பிரெடெரிக்கா சார்லட். வயது சுமார் 15. போரின் காரணமாக அரச குடும்பத்தார் மாக்டபர்க் நகரில் தங்க நேர்ந்தது. ஆகவே பாடங்கள் கடிதங்களாகப் போயின.

1760 முதல் 1762 வரை ஆய்லர் எழுதிய கடிதங்கள் 234. முதல் கடிதமே ஓர் அழகான பாடம். ஓர் அடி நீளம் என்றால் என்ன என்று தொடங்குகிறார். பிறகு பெர்லினுக்கும் மாக்டபர்க்குக்கும் உள்ள தூரம். பிறகு பூமி, சந்திரன், சூரியன். கைக்கெட்டிய பொருளில் தொடங்கி, வானம் வரை மாணவியை அழைத்துப் போய்விடுகிறார்!

ஒலி, ஒளி, கடலின் ஏற்ற இறக்கம் எல்லாம் அந்தக் கடிதங்களில் உண்டு. சரியாகச் சிந்திப்பது எப்படி என்பதை வட்டங்கள் வரைந்து காட்டினார். உதாரணமாக, எல்லாப் பசுக்களும் விலங்குகள் என்பதைக் காட்டவேண்டுமா? விலங்குகளுக்கு ஒரு பெரிய வட்டம். அதற்குள்ளே பசுக்களுக்கு ஒரு சிறிய வட்டம். பார்த்தவுடன் புரிந்துவிடுகிறது! அந்த வட்டங்களுக்கு ஆய்லர் வட்டங்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்தக் கடிதங்கள் 1768 முதல் 1772 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பா முழுவதும் பரவின. இளவரசிக்கு எழுதியது பொது மக்களுக்கும் பாடமாயிற்று.

இருள் சூழ்ந்தது

மன்னரோடு மனக்கசப்பு வளர்ந்தது. 1766-ல் ருஷ்யாவின் மகாராணி இரண்டாம் காதரின் அழைக்கவே, ஆய்லர் மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். வயது 59. போன சில காலத்தில் மற்றக் கண்ணிலும் புரை வளர்ந்தது. பார்வை அநேகமாக முழுவதும் மறைந்தது.

எழுதிப் பார்க்க முடியாத கணித அறிஞர் என்ன செய்வார்? வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். ஆய்லரோ கணக்கை மனத்திலேயே போட்டார். பலகையில் பெரிய எழுத்தாகச் சாக்கட்டியால் கிறுக்கிக் காட்டுவார். உதவியாளர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஒரு முறை இரண்டு மாணவர்கள் போட்ட நீண்ட கணக்கில் 50-வது இலக்கம் வேறுபட்டது. யாருடைய விடை சரி என்பதை ஆய்லர் மனக்கணக்காகவே போட்டுச் சொன்னாராம்!

தையல்கார மாணவன்

அந்த இருட்டில்தான் அவர் இயற்கணிதப் பாடநூல் எழுத முடிவு செய்தார். சொல்வதை எழுத ஆள் வேண்டும். பெர்லினிலிருந்து கூட்டிவந்த ஒரு தையல்கார இளைஞனை அமர்த்தினார். கணிதம் படித்தவர்கள் அவரைச் சுற்றி எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் படித்தவனுக்கு எழுதினால், அவனுக்கு எது புரியாது என்பதே தெரியாது. இந்த இளைஞனுக்குப் புரிந்தால் உலகுக்கே புரியும் அல்லவா?

இரண்டு தொகுதிகளான அந்த நூல், முதலில் ருஷ்ய மொழியில் 1768-69-ல் வந்தது. ஜெர்மன் பதிப்பு 1770-ல் வந்தது. அதில் கணக்குகள் கதைகளாக வருகின்றன. அவற்றுள் ஒன்று இது:

ஒரு தகப்பனார் தம் பணத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார். முதல் பிள்ளைக்கு 100 காசு, அதன் பின் மிஞ்சியதில் பத்தில் ஒரு பங்கு. இரண்டாம் பிள்ளைக்கு 200 காசு, அதன் பின் மிஞ்சியதில் பத்தில் ஒரு பங்கு. மூன்றாம் பிள்ளைக்கு 300 காசும் அப்படியே. கடைசியில் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான தொகை! பணம் எவ்வளவு? பிள்ளைகள் எத்தனை பேர்?

விடை: பணம் 8,100 காசு. பிள்ளைகள் 9 பேர். ஆளுக்கு 900. சரி பார்ப்போம். முதல் பிள்ளைக்கு 100 போனால் மிச்சம் 8,000. அதில் பத்தில் ஒன்று 800. மொத்தம் 900. பாக்கி 7,200. இரண்டாம் பிள்ளைக்கு 200 போனால் மிச்சம் 7,000. அதில் பத்தில் ஒன்று 700. மறுபடியும் 900! மீதிப் பங்குகளை வாசகர்களே போட்டுப் பார்க்கலாம்.

பாரம் சுமக்கும் கழுதையும் கோவேறு கழுதையும் தங்களுக்குள் வாதாடும் கணக்கு, சந்தையில் முட்டை விற்ற இரண்டு பெண்களின் கணக்கு என்று இன்னும் பல அதில் உண்டு. புத்தகம் முடியும்போது அந்தத் தையல்கார இளைஞன் யார் உதவியும் இல்லாமல் இயற்கணிதக் கணக்குகளைப் போட்டான் என்று நூலின் முகவுரை தெரிவிக்கிறது.

1771-ல் அடுத்தடுத்துச் சோதனைகள். நகரில் பெரிய தீ விபத்து. ஆய்லரின் வீடும் எரிந்தது. பார்வையற்ற முதியவர் உள்ளே சிக்கிக்கொண்டார். அவருடைய சொந்த ஊர்க்காரரான பீட்டர் கிரிம் தீக்குள் புகுந்து, அவரைத் தூக்கிவந்து காப்பாற்றினார். கையெழுத்துப் பிரதிகளும் தப்பின. அதே ஆண்டில் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பார்வை திரும்பிற்று! ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கண்ணில் கோளாறு ஏற்பட்டு, கடும் வேதனையோடு பார்வை மறுபடியும் போய்விட்டது. 1773-ல் மனைவி காதரினாவும் காலமானார்.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. அவர் வாழ்நாளில் எழுதிய எண்ணூறுக்கும் மேற்பட்ட நூல்களிலும் கட்டுரைகளிலும் சுமார் பாதி, பார்வை போன பிறகு உருவானவை!

36 அதிகாரிகள்

1779-ல் ஆய்லர் இன்னொரு புதிர் போட்டார். 6 ராணுவப் படைகள். ஒவ்வொரு படையிலிருந்தும் 6 வெவ்வேறு பதவியில் உள்ள அதிகாரிகள். ஆக 36 பேர். இவர்களை 6 வரிசைகளாகச் சதுரமாக நிறுத்தவேண்டும். குறுக்கே பார்த்தாலும் நெடுக்கே பார்த்தாலும், ஒவ்வொரு வரிசையிலும் எல்லாப் படைகளும் எல்லாப் பதவிகளும் ஒவ்வொன்று இருக்கவேண்டும்.

16 பேர் என்றால் எளிது. சீட்டுக்கட்டிலிருந்து நான்கு இனத்திலும் ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி எடுத்து நான்கு வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 36 பேருக்கு ஆய்லரால் வழி காண முடியவில்லை. 6-க்கு முடியாது, 10-க்கும் 14-க்கும்கூட முடியாது என்று அவர் ஊகித்தார்.

6 வரிசைக்கு முடியாது என்பதை 1900-ம் ஆண்டு வாக்கில் பிரான்ஸ் நாட்டு டாரி நிரூபித்தார். ஆனால் மற்ற ஊகம் தவறு என்று 1959-ல் தெரிந்தது. அதைக் காட்டியவர்கள் மூவர். அவர்களில் இருவர் இந்தியாவில் பிறந்தவர்கள்: ராஜ் சந்திர போஸ், ஸ்ரீகண்டே. மூன்றாமவர் அமெரிக்கரான பார்க்கர். மேதையின் ஊகமும் தவறலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி, 180 ஆண்டு கழித்தும் அறிஞர்களுக்கு வேலை கொடுத்தது! வயலில் எந்த விதை, எந்த உரம் நல்லது என்று பாத்தி பிரித்துச் சோதிக்க இத்தகைய சதுரங்கள் பயன்படுகின்றன. பத்திரிகைகளில் வரும் சுடோகு எண் புதிரும் இந்தச் சதுரங்களின் உறவுதான்.

கடைசி நாள்

1783-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி. காலையில் ஆய்லர் தம் பேரக் குழந்தைக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிரான்ஸில் அந்த ஆண்டு பலூன் விடத் தொடங்கியிருந்தார்கள். அது எப்படி மேலே ஏறும் என்று பலகையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். பிறகு, அப்போது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றி நண்பர்களோடு பேசினார்.

மாலையில் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு நினைவிழந்தார். அன்று இரவே உயிர் பிரிந்தது. வயது 76.

அவர் விட்டுச்சென்ற கட்டுரைகள் ஏராளம். அவற்றை அச்சிட்டு முடிக்கச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்துக்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள் பிடித்தன!